ஆண் மலட்டுத்தன்மையின் காரணங்கள்

ஆண் மலட்டுத்தன்மை என்பது, ஓராண்டுக் காலம் கருத்தடை முறை எதனையும் கையாளாமல் முறையாக உடலுறவு கொண்டும், ஆணின் உடல்சார் குறைபாடு காரணமாகக் கருத்தரிப்பு நிகழாத நிலையைக் குறிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் வயது வந்தோருள் ஏறத்தாழ 17.5 விழுக்காட்டினர், அதாவது ஆறு பேரில் ஒருவர், தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் குழந்தைப்பேறின்மையை எதிர்கொள்கின்றனர். குழந்தையில்லாத் தம்பதியருள் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் குறைபாடு தனித்தோ பெண்ணின் குறைபாட்டுடன் சேர்ந்தோ காணப்படுகிறது. ஆயினும் தமிழ்ச் சமூகத்தில் மருத்துவச் சோதனைகள் பெரும்பாலும் பெண்ணிடமிருந்தே தொடங்கப்படுகின்றன. ஆணுக்குரிய முதற் சோதனை எளியது, செலவு குறைந்தது, வலியற்றது என்பதால் இவ்வழக்கம் மருத்துவ நோக்கில் பொருத்தமற்றதாகும்.

வெப்பம், உலோகங்கள், வேதிப்பொருட்கள் ஆகியவற்றோடு அன்றாடம் புழங்குவோருக்கு இது ஒரு தொழில்சார் உடல்நலச் சிக்கலும் ஆகும். இக்கட்டுரையில் தொழில்சார் காரணங்கள், கடலூர் மாவட்டத்தின் பீங்கான் தொழில் நகரமான விருத்தாசலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகின்றன.

சொல் வேறுபாடு

மலட்டுத்தன்மையும் ஆண்மைக்குறைவும் ஒன்றல்ல. ஆண்மைக்குறைவு என்பது உடலுறவு கொள்ள இயலாமையைக் குறிக்கும். மலட்டுத்தன்மை உள்ள ஆண்களுள் மிகப் பெரும்பாலோர் இயல்பான உடலுறவு கொள்ளக்கூடியவர்களே. விந்து வெளிப்பாடும் அவர்களுக்கு வழக்கம்போல் இருக்கும். விந்து நீர்மத்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் உண்டாவதால், அதில் விந்தணுக்கள் உள்ளனவா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. நுண்ணோக்கியே அதனைக் காட்டும். சட்டமும் இவ்வேறுபாட்டைக் கருதுகிறது. 1955 ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், உடலுறவு கொள்ள இயலாமையின் காரணமாகத் திருமணம் நிறைவேறாது போவதை அத்திருமணத்தை நீக்குவதற்குரிய காரணங்களுள் ஒன்றாக ஏற்கிறது. குழந்தை பெற இயலாமை மட்டும் அவ்வாறு ஏற்கப்படவில்லை.

விந்தணு உருவாக்கம்

காரணங்களைப் புரிந்துகொள்ள விந்தணு உருவாகும் முறையை அறிந்திருத்தல் வேண்டும். இதனை மூன்று படிகளாகக் கொள்ளலாம்.

1. கட்டளை: மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரு இயக்குநீர்களை இரத்தத்தில் கலக்கிறது. எல்.எச். விந்தகத்திலுள்ள லீடிக் செல்களைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் செய்கிறது. எஃப்.எஸ்.எச். விந்தணுக்களைப் பேணும் செர்டோலி செல்களைத் தூண்டுகிறது.

2. உற்பத்தி: விந்தகத்தின் நுண்குழல்களுக்குள் மூல செல்கள் பிரிந்து, உருமாறி, விந்தணுக்களாகின்றன. இதற்கு ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன.

3. வழி: விந்தணுக்கள் விந்தக மேற்சுருள் நாளத்தில் முதிர்ந்து நீந்தும் திறன் பெறுகின்றன. பின்னர் விந்து நாளம் வழியாகச் சென்று, பிற சுரப்புகளுடன் கலந்து வெளியேறுகின்றன.

உற்பத்திக்கும் முதிர்ச்சிக்கும் சேர்த்து ஏறக்குறைய மூன்று மாதங்கள் தேவைப்படுகின்றன. ஆகவே இன்று எடுக்கப்படும் விந்து மாதிரி, ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன் தொடங்கிய உற்பத்தியின் விளைவாகும். கடுங்காய்ச்சல், நச்சுப்பொருள் ஆகியவற்றின் பாதிப்பு உடனே தென்படாமல் சில வாரங்கள் கழித்துத் தெரிவதற்கும், சிகிச்சையின் பயன் மூன்று மாதங்களுக்குப் பின்னரே மதிப்பிடப்படுவதற்கும் இதுவே காரணம்.

காரணங்களின் வகைப்பாடு

மேற்கண்ட மூன்று படிகளில் எது தடைப்படுகிறது என்பதைப் பொறுத்துக் காரணங்கள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன.

கட்டளைக் குறைபாடுகள்

பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டிகள், பிறவியிலேயே அமையும் இயக்குநீர்க் குறைபாடுகள் முதலியன இவ்வகையின. கால்மன் நோய்த்தொகை எனப்படும் பிறவிக் குறைபாட்டில் பருவமடைதல் தடைப்படுவதுடன் மணம் உணரும் திறனும் குன்றியிருக்கும். இவ்வகைக் குறைபாடுகள் அரியவை. எனினும் இயக்குநீர் ஊசிகளால் விந்தணு உற்பத்தியைத் தொடங்கச் செய்ய இயலும் என்பதால் இவற்றைக் கண்டறிவது முக்கியமானது.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்ச்சிக்காக எடுத்துக்கொள்ளப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசிகளும் அனபாலிக் ஸ்டீராய்டுகளும் இவ்வகைக் குறைபாட்டைச் செயற்கையாக உண்டாக்குகின்றன. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்துசேரும்போது பிட்யூட்டரி சுரப்பி தன் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. அதனால் தசை பெருத்தாலும் விந்தணு உற்பத்தி குறைந்து, சிலரிடம் முற்றிலும் நின்றுவிடுகிறது. ஊசியை நிறுத்திய பின் பெரும்பாலோருக்கு உற்பத்தி மீளும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

விந்தகக் குறைபாடுகள்

வெரிகோசீல்: விந்தகத்திலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் சிரைகள் புடைத்துச் சுருண்டு காணப்படும் நிலை இதுவாகும். பொதுவாக ஆண்களுள் சுமார் 15 விழுக்காட்டினரிடமும், மலட்டுத்தன்மைக்காக மருத்துவரை நாடும் ஆண்களுள் 35 முதல் 40 விழுக்காட்டினரிடமும் இது காணப்படுகிறது. இடப்பக்கச் சிரை, சிறுநீரகச் சிரையுடன் செங்கோணத்தில் இணைவதால் பெரும்பாலும் இடப்பக்கமே பாதிக்கப்படுகிறது. தேங்கும் இரத்தத்தால் விந்தகத்தின் வெப்பநிலை உயர்வது பாதிப்பின் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அறுவை சிகிச்சையால் சரிசெய்யப்படக்கூடிய காரணங்களுள் இதுவே மிகுதியாகக் காணப்படுவது.

இறங்காத விந்தகம்: கருவில் வயிற்றறைக்குள் தோன்றும் விந்தகங்கள் பிறப்பதற்கு முன் விதைப்பைக்குள் இறங்க வேண்டும். இறங்காதவை உடல் வெப்பத்தால் பழுதடைகின்றன. பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் உள்ளாகக்கூடும். பிறந்து ஆறு மாதங்கள் ஆகியும் இறங்காவிடில், ஒன்று அல்லது ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்தல் நன்று.

மரபியல் காரணங்கள்: கிளைன்ஃபெல்டர் நோய்த்தொகை உள்ள ஆண்களிடம் ஒரு எக்ஸ் குரோமோசோம் மிகையாக இருக்கும். அமெரிக்க மருத்துவர் ஹாரி கிளைன்ஃபெல்டர் 1942 இல் இதனை விவரித்தார். ஒய் குரோமோசோமில் விந்தணு உருவாக்கத்திற்குத் தேவையான பகுதிகள் உள்ளன என்பதை இத்தாலியைச் சேர்ந்த டியபோலோ, சுஃபார்டி ஆகியோர் 1976 இல் சுட்டிக்காட்டினர். ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் குழுவினர் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், விந்தணு அறவே இல்லாத இந்திய ஆண்கள் 340 பேருள் 29 பேரிடம், அதாவது 8.5 விழுக்காட்டினரிடம், ஒய் குரோமோசோமின் சிறு பகுதிகள் இழக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. இத்தகைய ஆண்களுக்குச் செயற்கை முறையில் மகன் பிறந்தால் அவனுக்கும் இக்குறைபாடு கடத்தப்படும் என்பதால், சிகிச்சைக்கு முன் மரபியல் அறிவுரை பெறுதல் வேண்டும்.

நோய்த்தொற்றுகள்: தமிழகத்தில் பொன்னுக்கு வீங்கி எனவும் புட்டாளம்மை எனவும் வழங்கப்படும் நோய், பருவமடைந்த பின் ஏற்பட்டால் 15 முதல் 30 விழுக்காட்டு ஆண்களிடம் விந்தக அழற்சியையும் உண்டாக்குகிறது. பெரும்பாலும் ஒரு விந்தகமே பாதிக்கப்படுவதால் முழு மலட்டுத்தன்மை அரிதாகவே நேர்கிறது. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் 2017 இல் பெரும் முகாமாகப் போடப்பட்ட எம்.ஆர். தடுப்பூசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. பொன்னுக்கு வீங்கியைத் தடுக்கும் கூறு எம்.எம்.ஆர். தடுப்பூசியில் உள்ளது. தொழுநோயும் விந்தகத்தைப் பாதிக்கக்கூடியது.

மருந்துகள்: புற்றுநோய்க்கான வேதி மருந்துகளும் கதிர்வீச்சும் மூல செல்களை அழிக்கக்கூடும். ஆகவே சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே விந்தணுக்களை உறைநிலையில் சேமித்து வைக்கலாம். இளம் நோயாளிகளுக்கு இவ்வாய்ப்பு முன்கூட்டியே எடுத்துரைக்கப்படுதல் இன்றியமையாதது.

வழித் தடைகள்

விந்து நாளம் பிறவியிலேயே இல்லாதிருத்தல், கொனோரியா, கிளமீடியா, காசநோய் முதலிய தொற்றுகளால் நாளங்கள் அடைபடுதல், குடலிறக்க அறுவையின்போது நாளம் காயமுறுதல் ஆகியன இவ்வகையின. நீரிழிவு நோயால் நரம்புகள் பாதிக்கப்படும்போது விந்து வெளியேறாமல் சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிச் செல்வதும் உண்டு. வழி மட்டும் அடைபட்டவர்களின் விந்தகத்தில் உற்பத்தி இயல்பாக நடைபெறுவதால், அங்கிருந்தே விந்தணுக்களை ஊசி மூலம் எடுக்க இயலும்.

இவை தவிர, எல்லாச் சோதனைகளையும் செய்த பின்னரும் சுமார் 30 முதல் 40 விழுக்காட்டினரிடம் காரணம் இன்னதென்று புலப்படுவதில்லை.

தொழில்சார் காரணங்கள்

விருத்தாசலமும் பீங்கான் தொழிலும்

பழமலைநாதர் கோயிலாலும் மணிமுத்தாற்றாலும் அறியப்படும் விருத்தாசலத்தின் பழைய பெயர் முதுகுன்றம் என்பதாகும். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண் அகற்றப்படும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது. இக்களிமண்ணின் அண்மை, விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை அமைய உதவியது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசினர் கல்வி நிறுவனமும் இவ்வூரில் செயல்பட்டு வருகிறது. அகல் விளக்குகள், பொம்மைகள், ஊறுகாய் ஜாடிகள், மின் இணைப்புகளுக்கான பியூஸ் கட்டைகள் முதலியன இங்கு உற்பத்தியாகும் பொருட்களாகும்.

களிமண் பிசைதல், அச்சில் வார்த்தல், உலர்த்துதல், கிளேஸ் எனப்படும் மெருகுப்பூச்சு பூசுதல், சூளையில் சுடுதல் என்பன பீங்கான் தொழிலின் படிகளாகும். உலகின் எந்தப் பீங்கான் ஊருக்கும் இவை பொதுவானவை. இவற்றுள் சூளை வெப்பமும், சிலவகை மெருகுப்பூச்சுகளில் கலக்கும் ஈயமும் ஆண் இனப்பெருக்க நலனோடு தொடர்புடையவை.

சூளை வெப்பம்

விந்தகங்கள் உடலுக்கு வெளியே அமைந்திருப்பது அவற்றை உடலை விட 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிர்ச்சியாக வைத்திருப்பதற்காகவே. பீங்கான் சூளைகளின் உள் வெப்பநிலை 1200 பாகைக்கும் மேல் உயரக்கூடும். சூளையில் பொருட்களை ஏற்றி இறக்குவோரும் அதன் வாயிலில் நின்று பணிபுரிவோரும் நெடுநேரம் கதிர்வீசும் வெப்பத்திற்கு உள்ளாகின்றனர். கோடைக்காலத்தில் ஊரின் வெயிலும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

இத்தாலியில் பீங்கான் சூளைத் தொழிலாளர்களிடையே நடத்தப்பட்டு 1992 இல் வெளியான ஆய்வு இத்துறையில் முன்னோடியாகும். வெப்பத்திற்கு உள்ளான தொழிலாளர்களிடையே குழந்தையின்மையும், கருத்தரிப்பில் தாமதமும் மற்றவர்களை விடக் கூடுதலாகத் தெரிவிக்கப்பட்டன. ஆனால் விந்துப் பரிசோதனையில், விந்தணுக்களின் நீந்தும் வேகத்தைத் தவிர ஏனைய அளவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே சூளை வேலை செய்வோர் யாவரும் மலடாவர் எனக் கருதுவது தவறாகும். ஏற்கெனவே விந்தணு எண்ணிக்கை குறைந்துள்ள ஒருவருக்கு வெப்பம் கூடுதல் சுமையாக அமையலாம் என்று கொள்வதே பொருந்தும்.

வெப்பத்தின் விளைவு பெரும்பாலும் மீளக்கூடியது என்பதற்கும் சான்று உண்டு. பிரான்சின் துலூஸ் நகரில் ரோஜர் மியூசே குழுவினர், விந்தகங்களை நாள்தோறும் பல மணி நேரம் உடலோடு ஒட்டி வைத்து அவற்றின் வெப்பநிலையைச் சுமார் 2 பாகை உயர்த்துவதை ஒரு கருத்தடை முறையாகவே ஆய்ந்தனர். விந்தணு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. முறையைக் கைவிட்ட பின் மீண்டும் உயர்ந்தது. சூளைப் பணியிலிருந்து சில மாதங்கள் வேறு பிரிவுக்கு மாறுவது பயனளிக்கக்கூடும் என்பதற்கு இதுவே அடிப்படை.

ஈயம்

ஈய ஆக்சைடு, மெருகுப்பூச்சு குறைந்த வெப்பநிலையிலேயே உருகவும் பளபளப்பாகப் படியவும் துணைபுரிகிறது. அதனால் குறைந்த வெப்பத்தில் சுடப்படும் கலங்களிலும் வண்ண வேலைப்பாடுகளிலும் இது நெடுங்காலம் பயன்பட்டது. உயர் வெப்பத்தில் சுடப்படும் மின்காப்புப் பீங்கான்களுக்கு ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றாலான பூச்சே போதுமானதாகும். அவற்றுக்கு ஈயம் தேவையில்லை.

இரத்தத்தில் ஈயத்தின் அளவு டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் நீடிக்கும்போது விந்தணு எண்ணிக்கை குறைவதும் அவற்றின் தரம் கெடுவதும் பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. ஈயத்தூள் ஆடைகளில் ஒட்டி வீட்டிற்கும் வந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் அட்டவணையில் ஈய நச்சு முதலாவதாக இடம்பெற்றது. ஈயமற்ற பூச்சுகளைத் தேர்தல், உலர்தூளாகக் கையாளாமல் ஈரக் கலவையாகக் கையாளுதல், பணியிடத்தில் உண்ணாதிருத்தல், வீடு திரும்புமுன் குளித்து உடை மாற்றுதல் ஆகியன தற்காப்பு முறைகளாகும்.

பூச்சிக்கொல்லிகள்

தொழிலிடத்து வேதிப்பொருள் ஆண் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்பதை ஐயமற நிறுவியது டி.பி.சி.பி. என்னும் நூற்புழுக்கொல்லியாகும். 1977 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ராப் என்னுமிடத்திலிருந்த ஆலையின் தொழிலாளர்கள், தங்களுள் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தமக்குள் பேசிக்கொண்டபோது உணர்ந்து, பரிசோதனையை நாடினர். பலருக்கு விந்தணுக்கள் மிகக் குறைந்தோ அறவே இல்லாமலோ இருந்தன. 1979 இல் அந்நாட்டில் இப்பொருளின் பெரும்பாலான பயன்பாடுகள் தடை செய்யப்பட்டன.

இந்தியாவில், கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபான் வான்வழியாகத் தெளிக்கப்பட்டு வந்தது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்நல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், அப்பகுதிச் சிறுவர்களிடம் பருவ வளர்ச்சி தாமதமாவதும் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைவதும் காணப்பட்டன. 2011 இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானுக்குத் தடை விதித்தது. விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரமும் முந்திரி விளையும் பகுதியாதலால், மருந்து தெளிப்போர் கையுறை, முகக்கவசம் அணிதலின் தேவை இங்கும் உணரப்பட வேண்டியதாகும்.

வாழ்க்கை முறை

புகைபிடித்தல், மிகையான மது, உடற்பருமன் ஆகியன விந்தணுக்களின் எண்ணிக்கையையும் தரத்தையும் குறைக்கின்றன. வயது ஏறுவதும் ஓரளவு பாதிக்கிறது. இவற்றுள் ஒன்று மட்டுமே முழு மலட்டுத்தன்மைக்குக் காரணமாவது அரிது. எனினும் பிற காரணங்களோடு சேரும்போது இவற்றின் விளைவு கூடுகிறது.

பரிசோதனை

இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை விந்து வெளிப்பாடின்றி இருந்த பின் மாதிரி எடுக்கப்பட்டு, ஒரு மணி நேரத்திற்குள் ஆராயப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டுக் கையேட்டின் ஆறாம் பதிப்பு பின்வரும் கீழ் எல்லை அளவுகளைத் தருகிறது.

விந்தின் கனஅளவு: 1.4 மில்லிலிட்டர்
ஒரு மில்லிலிட்டரில் விந்தணுக்கள்: 1.6 கோடி
மொத்த விந்தணுக்கள்: 3.9 கோடி
அசைவுடையவை: 42 விழுக்காடு
முன்னோக்கி நீந்துபவை: 30 விழுக்காடு
இயல்பான வடிவுடையவை: 4 விழுக்காடு

இவை, ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிடம் எடுக்கப்பட்ட அளவுகளிலிருந்து கணிக்கப்பட்டவை. அவர்களுள் ஐந்து விழுக்காட்டினர் இவ்வெல்லைக்குக் கீழ் இருந்தும் தந்தையாயினர். ஆகவே எல்லைக்குச் சற்றுக் குறைந்த ஒரே ஒரு முடிவைக் கொண்டு ஒருவரை மலடர் என முடிவு செய்தல் கூடாது. முதல் முடிவு குறைவாக இருப்பின் மீண்டும் ஒரு முறை சோதித்தல் வேண்டும். அண்மைக் காய்ச்சல், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றோடு நோயாளி செய்யும் தொழிலையும் மருத்துவர் கேட்டறிதல் வேண்டும். நோயாளியும் தாமாகக் கூறுதல் நன்று.

சிகிச்சை

காரணத்திற்கேற்பச் சிகிச்சை மாறுபடும். இயக்குநீர்க் குறைபாட்டிற்கு ஊசிகளும், வெரிகோசீலுக்கும் நாள அடைப்பிற்கும் அறுவையும் உள்ளன. தென்னிந்தியாவில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990 இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் முயற்சியால் பிறந்தது. ஒற்றை விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் உருவாக்கப்பட்டு 1992 இல் அறிவிக்கப்பட்டது. அதுவரை தந்தையாக இயலாதெனக் கருதப்பட்ட பலருக்கு இது வழி திறந்தது. இந்தியாவில் இத்தகைய மருத்துவமனைகளையும் விந்து வங்கிகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021 இல் இயற்றப்பட்டு 2022 இல் நடைமுறைக்கு வந்தது.

சிட்டுக்குருவி லேகியம் போன்றவற்றை விளம்பரப்படுத்துவோர் மலட்டுத்தன்மையையும் ஆண்மைக்குறைவையும் ஒன்றாகக் குழப்புகின்றனர். நாள அடைப்பையோ குரோமோசோம் குறைபாட்டையோ எந்த லேகியமும் நீக்காது. பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது.

சமூக நோக்கு

மலடி என்ற வசைச்சொல் தமிழில் பரவலாக வழங்குவதைப் போல அதன் ஆண்பாற் சொல் வழங்குவதில்லை. குழந்தையில்லாத தம்பதியர்க்குச் சமூகம் தரும் நெருக்கடியைப் பெருமாள்முருகனின் மாதொருபாகன் என்னும் 2010 ஆம் ஆண்டுப் புதினம் பேசுகிறது. கணவன் சோதித்துக்கொள்ள மறுக்கும் குடும்பங்களில் மனைவி ஆண்டுக்கணக்கில் தேவையற்ற மருந்துகளுக்கும் அறுவைகளுக்கும் உள்ளாகிறாள். சில இடங்களில் இரண்டாம் திருமணமும் நிகழ்கிறது. இதற்கிடையில் அவளது வயது ஏறுவதால், பின்னர் எந்தச் சிகிச்சையும் பயனளிக்கும் வாய்ப்புக் குறைகிறது. ஓராண்டுக்குள் கருத்தரிப்பு நிகழாவிடில் இருவரையும் ஒரே வேளையில் சோதிப்பதே மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முறையாகும். மனைவியின் வயது 35க்கு மேற்பட்டிருப்பின் ஆறு மாதங்களிலேயே இதனைத் தொடங்குதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

விந்தணு
டெஸ்டோஸ்டிரோன்
பொன்னுக்கு வீங்கி
ஈய நச்சு
சோதனைக்குழாய்க் குழந்தை
விருத்தாசலம்